தோட்டம் அமைக்கும் தொழிலில் கட்டாய உழைப்பு நுழையாமல் பார்ப்பது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு

யாழ்ப்பாணத்தில் வீட்டுத் தோட்டம் அமைத்துப் பராமரிக்கும் வேலைக்கு இப்போது நல்ல கேள்வி இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் கட்டிய வீடுகளுக்குப் புல் பதிக்கவும், பூங்கன்று வைக்கவும், வளவைத் துப்புரவாக வைத்திருக்கவும் ஆள் தேடுகிறார்கள். ஒரு சின்ன லொறி, புல் வெட்டும் மெஷின், நாலைந்து வேலையாட்கள் இருந்தால் தொழிலைத் தொடங்கிவிடலாம். அப்படித் தொடங்குகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வேலையை விட்டுப் போக நினைக்கும் ஒருவர் கடனாலோ, மிரட்டலாலோ, யாரோ வாங்கி வைத்திருக்கும் அடையாள அட்டையாலோ போக முடியாமல் இருந்தால் அது கட்டாய உழைப்பு. 2021இல் உலகில் 2 கோடி 76 இலட்சம் பேர் இந்த நிலையில் இருந்ததாகச் சர்வதேச தொழில் அமைப்பு மதிப்பிட்டது. நமக்கும் இது தெரியாத விடயம் இல்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமாக 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையில் அடிமைகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு; இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முடிந்தது 1844இல்தான். மலையகத் தோட்டங்களில் 1921 வரை ‘துண்டு’ முறை இருந்தது. பட்ட கடனைக் கட்டினால்தான் ஆளை விடுவிப்போம் என்று எழுதிய சீட்டு அது. இன்று அப்படிச் சீட்டு எழுத முடியாது. 2006இல் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்த்த 358ஏ பிரிவின்படி கடனுக்காக ஆளைப் பிணைத்து வைப்பது குற்றம். ஆனால் சீட்டு இல்லாமலே அதே வேலை நடக்கிறது.

படி 1: யார் யாருடைய உழைப்பு என்று எழுதுங்கள்

ஒரு கொப்பி எடுங்கள். இடது பக்கத்தில் உங்களிடம் நேரடியாக வேலை செய்பவர்கள், தரகர் மூலம் வருபவர்கள், கொந்தராத்துக்கு வரும் மேசன் குழு ஆகியோரை எழுதுங்கள். வலது பக்கத்தில் வாங்கும் பொருட்கள்: பூங்கன்று, செம்மண், மாட்டெரு, தும்புத்தூள், மண்சட்டி, செங்கல், அலங்காரக் கல், கையுறை. ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எங்கிருந்து வருகிறது, யார் கொண்டுவருகிறார் என்று குறியுங்கள். பதில் தெரியாத இடத்தை வெறுமையாக விடுங்கள். முதலில் விசாரிக்க வேண்டியது அந்த இடங்களைத்தான்.

படி 2: ஆள் சேர்க்கும்போது

அடையாள அட்டையைப் பாருங்கள், வயதைக் குறித்துக்கொள்ளுங்கள், கையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். “இருக்கட்டும், பத்திரமாக வைக்கிறேன்” என்ற பேச்சே வேண்டாம். 2021இலிருந்து வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 16. ஆபத்தான வேலைகளுக்கு 18 ஆக வேண்டும். ஆகவே கிருமிநாசினி அடிக்கவோ புல் வெட்டும் மெஷினைப் பிடிக்கவோ பொடியன்களை விடாதீர்கள். தரகருக்குக் காசு கொடுப்பதானால் நீங்கள் கொடுங்கள். வேலைக்கு வருகிறவரிடம் தரகர் ஏதாவது வாங்கினாரா என்று தனியாகக் கேளுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமிருந்து வருகிறவர்கள் கேட்காமல் சொல்ல மாட்டார்கள்.

படி 3: முற்பணம்

எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். முற்பணம் கொடுப்பது நம்மூரில் உதவியாகத்தான் தொடங்கும். பிள்ளைக்குப் பள்ளிச் செலவு, வீட்டில் சாமத்தியச் சடங்கு, நுண்கடன்காரர் வாசலில் நிற்கிறார் என்று வேலையாள் கேட்பார். முதலாளியும் இரங்கிக் கொடுப்பார். ஆறு மாதம் கழித்து அவருக்கு வேறிடத்தில் நல்ல வேலை கிடைக்கிறது. “என்ர காசை வைச்சிட்டுப் போ” என்கிறார் அதே முதலாளி. உதவி பிணைப்பாக மாறுவது அந்தச் சொல்லில்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாட்கூலி 2,500 ரூபா என்று வைப்போம். ஒரு நாளைக்கு 250 ரூபா கழித்தால் 40,000 ரூபா முற்பணம் அடைபட 160 வேலைநாள் வேண்டும். இடையில் மழை வந்து வேலை நின்றால் இன்னும் இழுபடும், அதற்குள் இன்னொரு முற்பணமும் வாங்கவேண்டி வரும். அதே கணக்கில் 10,000 ரூபா 40 வேலைநாளில் முடிந்துவிடும். அதனால் ஒரு உச்ச அளவு வையுங்கள். முதல் முற்பணம் முடியாமல் இரண்டாவது கொடுக்காதீர்கள். வட்டி ஒரு சதமும் வேண்டாம்.

கணக்கு உங்கள் கொப்பியில் மட்டும் இருந்தால் போதாது. வேலையாளுக்கும் ஒரு சிறிய கொப்பி கொடுங்கள். திகதி, கூலி, கழித்தது, மிச்சம் என்று நாலு கோடு இழுத்து, சம்பளம் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு கொப்பியிலும் எழுதி இருவரும் கையொப்பம் வையுங்கள். முதல் பக்கத்தில் இந்த வரி இருக்கட்டும்: ‘முற்பணம் மிச்சமிருந்தாலும் இவர் எப்போதும் வேலையை விட்டுப் போகலாம்.’ காசு போய்விடுமே என்று நினைப்பீர்கள். சில நேரம் போகும்தான். அந்த நட்டத்தைத் தாங்கக்கூடிய அளவுக்கு மட்டும் முற்பணம் கொடுங்கள்.

படி 4: சம்பளம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2026 ஜனவரியிலிருந்து தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா, நாளுக்கு 1,200 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு நீங்கள் 12 வீதம், அவர் 8 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் 3 வீதம். ஒரே ஒரு ஆள் வைத்திருந்தாலும் இது பொருந்தும். பிந்திக் கொடுத்துச் சேர்த்து வைக்கும் சம்பளமும் ஆளைப் போகவிடாமல் பிடித்து வைக்கும் என்பதை மறக்காதீர்கள்.

படி 5: தங்கி வேலை செய்பவர்கள்

ஆளில்லாத பெரிய வீட்டில் வளவு பார்க்க ஒருவரைத் தனியே விட்டுவிடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. வாடிக்கையாளர் அப்படிக் கேட்டால் முதலிலேயே எழுத்தில் பேசுங்கள். படலைத் திறப்பு அவரிடமே இருக்க வேண்டும், போன் இருக்க வேண்டும், கிழமைக்கு ஒரு நாள் லீவு வேண்டும், கிணறும் கழிப்பறையும் பாவிக்க விட வேண்டும். “நாங்கள் கமராவில் பார்த்துக்கொள்வோம்” என்று சொல்லி வெளியே போகவிடாமல் வைப்பவரின் வேலையை நான் எடுக்க மாட்டேன்.

படி 6: பொருள் தருபவர்கள்

தூரத்துப் பொருளிலும் இதே கதைதான். 2020இல் மலேசிய ரப்பர் கையுறை நிறுவனம் ஒன்றின் பொருட்களை அமெரிக்கச் சுங்கம் தடுத்தது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வேலைக்குச் சேர்வதற்காகப் பட்ட கடனும் பறித்து வைத்த ஆவணங்களும் அதற்குச் சொன்ன காரணங்களில் அடங்கும். ராஜஸ்தான் மணற்கல்லில் சிறுவர் உழைப்பு பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. இவற்றை வாங்கும்போது இறக்குமதி செய்பவரிடம் எந்தத் தொழிற்சாலை, எந்தக் குவாரி என்று கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

கிட்ட உள்ள இடத்துக்கு நேரே போகலாம். செங்கல் சூளைக்குப் போனால் விசாரணைக்கு வந்தவர் போல நிற்காமல் இயல்பாகக் கேளுங்கள்: “அண்ணை, உங்கட ஆட்களுக்குக் கல்லுக் கணக்கா, நாள் கணக்கா? முற்பணம் எப்பிடிக் கழிக்கிறியள்?” நேர்மையானவர் உடனே சொல்லிவிடுவார். அவர் பேசும்போது சுற்றிப் பாருங்கள். பள்ளி நேரத்தில் பிள்ளைகள் கல் அடுக்குகிறார்களா? நீங்கள் பேச்சுக் கொடுத்தால் வேலையாட்கள் முதலாளியின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்கிறார்களா? ஊர் விலையை விட மிகவும் மலிவாகத் தருகிறாரா? மலிவு யாருடைய கூலியிலிருந்து வருகிறது என்று யோசியுங்கள். கன்று விற்பவர், தும்புத்தூள் ஏற்றிவரும் லொறிக்காரர் எல்லோரிடமும் இதையே கேட்கலாம்.

படி 7: ஏதாவது தெரியவந்தால்

கணக்குக் கொப்பி இல்லை, சம்பளம் பிந்துகிறது போன்ற குறை என்றால் திருத்தக் காலம் கொடுங்கள், திரும்பப் போய்ப் பாருங்கள். சட்டென்று வாங்குவதை நிறுத்தினால் முதலில் வேலை போவது அந்தத் தொழிலாளிக்குத்தான். சம்பளப் பிரச்சினைக்குத் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். பிள்ளைகள் சம்பந்தப்பட்டால் சிறுவர் உதவி இலக்கமான 1929க்கும், ஆளை அடைத்து வைத்திருந்தால், அடித்தால் பொலிஸ் இலக்கமான 119க்கும் அழையுங்கள். பாதிக்கப்பட்டவர் பெரியவர் என்றால் அவர் என்ன விரும்புகிறார் என்று முதலில் கேளுங்கள். அவரும் குடும்பமும் போய்த் தங்க ஒரு இடம் ஒழுங்காகும்வரை முதலாளியிடம் இது பற்றி வாய் திறக்காதீர்கள்.