கரூ பாதையில் நில ஆமை: எப்படிப் பார்ப்பது, எப்போது தொடுவது

டிசம்பர் லீவில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்து கேப் டவுனுக்கு, கரூ என்ற வறண்ட புதர்நிலம் வழியாகக் காரில் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வழியில் ஆமையைக் கண்டால் பிள்ளைகள் "வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா" என்றுதான் முதலில் கேட்பார்கள். கூடாது. பெர்மிட் இல்லாமல் காட்டு ஆமையை எடுத்துப் போவதும் வளர்ப்பதும் இங்கே குற்றம், அதைவிட முக்கியமாக, தன் இடத்தை நன்கு அறிந்து வாழும் உயிர் அது.

உலகிலேயே அதிக வகை நில ஆமைகள் இருப்பது தென்னாப்பிரிக்காவில்தான். நேட்டாலிலும் கரூவிலும் நீங்கள் பார்க்கக்கூடிய பெரியது சிறுத்தை ஆமை: மஞ்சள் ஓட்டில் கரும்புள்ளிகள் இருக்கும், வயதாக ஆகப் புள்ளி மங்கிச் சாம்பல் நிறமாகிவிடும், கிழக்கு கேப் பக்கம் 20 கிலோவையும் தாண்டி வளரும். கேப் கடலோரம் போனால் ஆங்குலேட் ஆமை. அதற்குத் தொண்டைக்குக் கீழே ஓடு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், ஆண்கள் சண்டையில் அதை எதிரியின் அடியில் கொடுத்து மல்லாக்கத் தள்ளிவிடப் பார்க்கும். நமாகுவாலாந்தின் பாறை இடுக்குகளில் இருக்கிற புள்ளி பட்லோப்பர்தான் உலகின் மிகச் சிறிய நில ஆமை, முழுதாக வளர்ந்தாலும் 10 செ.மீ.க்குள்தான்.

பார்க்க வேண்டுமென்றால் வெயில் ஏறுவதற்கு முன்பு காலையிலும், பிறகு வெயில் தாழ்ந்த பின்னும் தேடுங்கள். கோடை மத்தியானத்தில் புதருக்கு அடியில் ஒதுங்கிவிடும், அந்த நேரம் அலைந்து பயனில்லை. மழை பெய்து ஓய்ந்தால் நல்ல வாய்ப்பு. கூடார ஆமை மழையில் பின்பக்கத்தைத் தூக்கி நிற்கும், ஓட்டில் விழும் தண்ணீர் முன்பக்கம் வழிந்து வாய்க்கு வரும், அதைக் குடிக்கும். பத்தடி தள்ளி அசையாமல் நின்றால் அது மறுபடி மேயத் தொடங்குவதைப் பார்க்கலாம்: புல், சப்பாத்திக்கள்ளி, சிறுத்தை ஆமை என்றால் சுண்ணாம்புச் சத்துக்காகப் பழைய எலும்பைக்கூடக் கடிக்கும்.

படம் எடுங்கள், ஆனால் ஃபோனில் இடம் பதிவாகும் வசதியை நிறுத்திவிட்டு எடுங்கள். மேற்கு கேப்பின் தென்மேற்கு மூலையில் மட்டுமே எஞ்சியிருக்கும் ஜியோமெட்ரிக் ஆமை அழிவின் விளிம்பில் இருக்கிறது, அதன் இடத்தை வெளியிட்டால் திருடுகிறவனுக்கு வழி காட்டினதாகும்.

சரி, எப்போது தொடலாம்? ரோட்டின் நடுவில் இருந்தால் மட்டும். முதலில் உங்கள் காரைப் பத்திரமாக ஓரம் நிறுத்தி, வண்டி வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஆமை எந்தப் பக்கம் முகம் வைத்திருந்ததோ அதே பக்கத்துக்குக் கொண்டுபோய் விடுங்கள், வந்த பக்கமே திருப்பி விட்டால் மறுபடி ரோட்டைக் கடக்கத்தான் வரும். இரண்டு கைகளாலும் ஓட்டின் பக்கவாட்டில் பிடித்து, தரையை ஒட்டியே சமமாகத் தூக்குங்கள், சாய்க்காதீர்கள், மல்லாக்கப் புரட்டவே புரட்டாதீர்கள். இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது: பயந்தால் ஆமை சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிடும், அதில் இருப்பது வறண்ட மாதங்களுக்கு அது சேமித்து வைத்த தண்ணீர். அப்படி ஆகிவிட்டால் தட்டையான மூடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி முகத்துக்கு முன் வைத்து, குடிக்க விட்டுக் கிளம்புங்கள்.

நல்லதென்று நினைத்து வேறு ஊர்க் காட்டில் கொண்டுபோய் விடாதீர்கள். நோய் பரவும், அதற்கும் அந்த இடத்தில் உணவும் ஒதுங்கிடமும் தெரியாது.

பண்ணை வைத்திருக்கிறவர்கள் மின்வேலியின் கீழ்க்கம்பியைக் கவனியுங்கள். ஷாக் அடித்தால் ஆமை பின்வாங்காது, தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு அங்கேயே நிற்கும், திரும்பத் திரும்ப அடிபட்டுச் செத்துப்போகும். கம்பியை ஆமையின் முதுகு படாத உயரத்துக்கு ஏற்றுவது ஒரு நாள் வேலை.

வண்டி ஏறி ஓடு உடைந்திருந்தால் செத்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். ஓடு உயிருள்ள எலும்பு, ரத்தமும் நரம்பும் உள்ளது, சிகிச்சையில் சேரக்கூடியது. பசை எதையும் தடவாமல் துண்டு விரித்த பெட்டியில் வைத்து அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் சேர்த்து, அந்த மாகாணத்தின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புக்கு, அதாவது நேட்டாலில் எஸம்வேலோவுக்கும், மேற்கு கேப்பில் கேப்நேச்சருக்கும் சொல்லுங்கள். கிளம்பும் முன் சாலையோரக் கிலோமீட்டர் பலகையில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், குணமானதும் அதை விட வேண்டிய இடம் அதுதான்.