வீட்டிலேயே மின்சுற்றுப் பலகை: டோனர் முறையில் முதல் பிசிபி

பிசிபி எனப்படும் மின்சுற்றுப் பலகையை வீட்டில் செய்யத் தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது டோனர் முறை. லேசர் பிரிண்டரின் டோனர் சூட்டில் இளகும் பிளாஸ்டிக் தூள் என்பதால், காகிதத்தில் அச்சான கோடுகளை இஸ்திரிப் பெட்டியின் உதவியால் செப்புப் பரப்பின் மேல் ஒட்டவைக்கலாம். டோனர் மூடிய இடத்தில் செம்பு தங்கும், மற்ற இடங்களில் ஃபெரிக் குளோரைடு கரைசல் அதைக் கரைத்துவிடும். இங்க்ஜெட் மை இதற்கு உதவாது.

முதல் பலகைக்கு, 1971-இல் ஹான்ஸ் காமென்சிண்ட் வடிவமைத்த 555 டைமர் என்ற எட்டுக் கால் ஐசியை (சில்லை)க் கொண்டு ஓர் எல்இடியை மின்னவைக்கும் சுற்று ஏற்றது. 8-ஆம் காலுக்கும் 7-ஆம் காலுக்கும் இடையே 1 கிலோஓம், 7-க்கும் 6-க்கும் இடையே 68 கிலோஓம் ரெசிஸ்டர்களை வையுங்கள். 2-ஐயும் 6-ஐயும் இணைத்து, அங்கிருந்து நெகட்டிவுக்கு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரையும், 5-இலிருந்து நெகட்டிவுக்கு 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரையும் இணையுங்கள். 4-ஐ 8-உடன் சேருங்கள். 3-இலிருந்து 470 ஓம் வழியாக எல்இடி, அதன் மறுமுனை நெகட்டிவ். 1 நெகட்டிவ், 8 பாசிட்டிவ். 9 வோல்ட் பேட்டரி போதும். எல்இடி ஏறத்தாழ விநாடிக்கு ஒருமுறை மின்னும்.

கீகேட் போன்ற இலவச மென்பொருளில் இதை வரையும்போது, செம்புக் கோடுகளான தடங்களை 1 மி.மீ. அகலத்திலும் துளையைச் சுற்றிய வட்டங்களை 2 மி.மீ. அளவிலும் வையுங்கள், மெல்லிய தடம் வீட்டு முறையில் எளிதில் அறுந்துபோகும். அச்சிடும்போது மிகுந்த கவனம் தேவை. பாகங்கள் மேல்புறமும் செம்பு அடிப்புறமும் இருப்பதால், மேலிருந்து பலகையை ஊடுருவிப் பார்ப்பதுபோல் திரையில் தெரியும் படத்தைப் புரட்டாமல் அப்படியே அச்சிட வேண்டும்; காகிதத்தைக் கவிழ்த்து ஒட்டும்போது அது தானே புரண்டுவிடும். தவறாகப் புரட்டினால் ஐசியின் 1-ஆம் கால் 8-ஆம் காலின் துளையில் அமர்ந்து, மின்சாரம் தலைகீழாகப் பாய்ந்து ஐசி கெட்டுவிடும். அடிப்புறச் செம்பில் ஓர் எழுத்தை வைத்துக்கொள்வது நல்லது: காகிதத்தில் அது கண்ணாடியில் பார்ப்பதுபோல் தெரிந்தால் எல்லாம் சரி.

செப்புப் பலகையை நுண்ணிய உப்புத்தாளால் பளபளக்கும் வரை தேய்த்து, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் டோனர் பிடிக்காது என்பதால், இதன்பின் விளிம்பை மட்டுமே பிடிக்க வேண்டும். வழவழப்பான தாளில் அடர்த்தியாக அச்சிட்ட படத்தைக் கவிழ்த்து வைத்து, நீராவி இல்லாமல் முழுச் சூட்டில் நான்கைந்து நிமிடம், விளிம்புகளை விடாமல் அழுத்துங்கள். ஆறியபின் தண்ணீரில் ஊறவிட்டு, தாளை விரலால் மெல்ல உருட்டி எடுங்கள். அவசரப்பட்டு உரித்தால் தடமும் சேர்ந்து வந்துவிடும். சிறு இடைவெளிகளைப் பெர்மனன்ட் மார்க்கரால் நிரப்பலாம். பெரிய பகுதியே பிடிக்கவில்லையெனில் டோனரை அசிட்டோனால் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டுவதே சிறந்தது.

கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில், பிளாஸ்டிக் தட்டிலுள்ள தண்ணீரில் ஃபெரிக் குளோரைடைச் சிறிது சிறிதாகச் சேருங்கள், கரையும்போது சூடேறும். உலோகப் பாத்திரம் கூடவே கூடாது, அதையும் கரைசல் அரித்துவிடும். தட்டை வெந்நீரின் மேல் வைத்து மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தால் வேலை விரைவில் முடியும். தேவையற்ற செம்பு முழுதும் மறைந்தவுடன் எடுத்துக் கழுவுங்கள்; மிகுநேரம் விட்டால் டோனருக்கு அடியிலும் அரிப்புப் பரவும். கரைசலை மூடிய பிளாஸ்டிக் புட்டியில் பெயரெழுதி வைத்து மீண்டும் பயன்படுத்துங்கள். அதில் கரைந்துள்ள செம்பு மீன்களுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் நஞ்சு; ஆகவே சாக்கடையிலோ கிணற்றடியிலோ ஊற்றாதீர்கள். வீரியம் தீர்ந்ததை அபாயக் கழிவுகளைப் பெறுவோரிடமே சேர்க்க வேண்டும்.

டோனரை அசிட்டோனால் நீக்கி, 0.8 மி.மீ. டிரில் பிட்டால் துளையிடுங்கள். பலகையிலிருந்து கிளம்பும் கண்ணாடி இழைத் தூசி நுரையீரலுக்குக் கேடு, முகக்கவசம் அவசியம். சால்டர் செய்யும் முன் ஒவ்வொரு தடத்தையும் மல்டிமீட்டரின் பீப் ஒலியால் சோதித்து, அடுத்தடுத்த தடங்கள் ஒட்டவில்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள். ஐசியை நேரடியாக அல்லாமல் சாக்கெட்டில் பொருத்துங்கள். பேட்டரியை இணைத்தும் எல்இடி மின்னவில்லையெனில், முதலில் எல்இடி, 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஆகியவற்றின் துருவங்களையும், பிறகு 4-ஆம் கால் 8-உடன் இணைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.