முருங்கைப் போத்து அழுகியது ஏன்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பின்புறம் என் மகள் தன் கையாலேயே நட்ட முருங்கைப் போத்துகள் (நடுவதற்காக வெட்டிய கிளைத்துண்டுகள்) மூன்றும், ஒன்றன்பின் ஒன்றாகத் துளிர்விட்டுச் சில நாள்களில் கருகின. தண்டில் சேமித்திருந்த சத்தினால் வரும் முதல் துளிர், வேர் பிடித்ததற்கு அடையாளமல்ல என்பது எனக்கு அப்போது தெரியாது. நீர் போதவில்லை என்று எண்ணிக் காலையும் மாலையும் ஊற்றினோம். பிறகு ஆட்டெரு இட்டோம். அழுகல் விரைந்ததே மிச்சம். ஒன்றரை மாதம் வீணானது.

நான் அடிப்பகுதியையே தோண்டித் தோண்டிப் பார்த்துக்கொண்டிருக்க, மகள் மேல்நுனியை விரலால் அழுத்தினாள். பஞ்சு போன்ற உட்பகுதியிலிருந்து பழுப்பு நீர் கசிந்தது. தட்டையாக வெட்டியிருந்த அந்த முனையில் மாலை மழை தேங்கி, அழுகல் மேலிருந்தும் இறங்கியிருந்தது.

அடுத்த முறை, மணிக்கட்டுப் பருமனுள்ள முற்றிய போத்தைச் சாய்வாக வெட்டி, மூன்று நாள் நிழலில் காயவைத்து, மணல் கலந்த மேட்டில் நட்டு, என் பாட்டி தோட்டத்தில் செய்ததுபோல் நுனியில் சாண உருண்டையை அப்பினோம் (மகளுக்கு அதில்தான் ஆர்வம் அதிகம்). மண் காய்ந்தால் மட்டுமே நீர். இம்முறை துளிர் நிலைத்தது.

முன்பு துப்பிய கீரையை இப்போது அவளே உருவித் தந்து, தேங்காய்த் துருவலிட்ட பொரியலாக மறுபேச்சின்றி உண்கிறாள்.