நாலு வில்லில் பொக்கெரினி: பாலக்காட்டு வயலின்காரர்களுக்கு

இத்தாலியின் லூக்காவில் பிறந்த இசையமைப்பாளர் லுயிஜி பொக்கெரினி (1743–1805) எழுதிய குவார்டெட்டுகள் (நாலு வில்வாத்தியம் சேர்ந்து வாசிக்கும் உருப்படிகள்) சுமார் 90. எடுத்தவுடன் தொட ஏற்றது ஓபஸ் 2 என்ற தொகுப்பின் முதலாவது, ஸி மைனர் சுருதியில் 1761இல் எழுதியது. வயலின் இரண்டு, வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது, தாழ்ந்த குரல்), செல்லோ (அதைவிடப் பெரியது, இன்னும் தாழ்ந்தது) வேண்டும். வயோலா கிடைக்காவிட்டால் ஐந்து தந்தி வயலின் போதும், அதன் அடித்தந்தியும் வயோலாவின் அடித்தந்தியைப் போலவே ஸி. செல்லோவுக்கு மாற்று கிடையாது, கீபோர்டில் ஒப்பேற்றாதீர்கள்.

இரண்டரைக் கட்டைச் சுருதியில் ச-ப-ச-ப சேர்த்த வயலினை மேற்கத்திய முறைப்படி ஜி-டி-ஏ-ஈ ஆக்க, கீழிரண்டான நாலாம், மூன்றாம் தந்திகள் நாலு ஸ்வரஸ்தானம் (அரைச்சுரப் படி) ஏற வேண்டும். மற்ற இரண்டும் ஆறு. ஒரே மூச்சில் ஏற்றினால் முதல் தந்தி தெறிக்கும். இரண்டிரண்டாக ஏற்றுங்கள், ஒவ்வொரு முறையும் கழுத்துப் பக்கம் சாயும் குதிரையை (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டை) நிமிர்த்துங்கள். ஐந்து கட்டைக்காரருக்குக் கீழ்த்தந்தி இரண்டும் ஏற்கெனவே ஜி, டி; மேலிரண்டு மட்டும் இரண்டு ஸ்தானம் ஏறும். மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் வறண்ட காற்றில் பிருடை (தந்தியை முறுக்கும் ஆணி) சுருங்கி வழுக்கும், சாக்பீஸ் தடவுங்கள். இடவப்பாதி மழைக்காலத்தில் ஊதி இறுகும், அதற்குக் காய்ந்த சோப்பு.

ஸியை ஸட்ஜமாக வைத்தால் இந்தக் குவார்டெட் ஏறக்குறைய கீரவாணி ராகம். நிஷாதம் மட்டும் ஒரு ஸ்தானம் கீழே உள்ள கைசிகி நிஷாதத்துக்கும் போய்வரும். ஆபத்து வெறுந்தந்தியில் இருக்கிறது. ஏ சதுஸ்ருதி தைவதம், ஈ அந்தர காந்தாரம், இரண்டும் கீரவாணிக்கு ஆகாது. டி தந்தியில் முதல் விரலைப் பிருடைப் பக்கத்து மேட்டோடு ஒட்டி வைத்தால் சாதாரண காந்தாரம். மேல் காந்தாரத்துக்கு ஏ தந்தியில் சுண்டுவிரலைச் சற்றுப் பின்னிழுங்கள்; சுண்டுவிரல் பழகாதவருக்கு இங்கே வியர்க்கும். காந்தாரத்தை அசைக்கவே கூடாது. ஒருவர் கமகம் போட்டால் மற்ற மூவரின் ஸ்வரத்தோடு உரசும்.

பொக்கெரினி செல்லோக்காரர், அதனால் செல்லோ சில இடங்களில் வயோலாவுக்கு மேலே ஏறிப் பாடும். அப்போது அடித்தளம் வயோலாவின் கையில். அவர் வழக்கம்போல அடக்கி வாசித்தால் மேலே உள்ளதெல்லாம் அந்தரத்தில் தொங்கும். அந்த இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு, முதலில் இவர்கள் இருவர் மட்டும் வாசித்துப் பாருங்கள். பழைய பதிப்பில் செல்லோவுக்கு ட்ரெபிள் க்ளெஃப் (உயர்ந்த குரல்களுக்கான சுரக்குறி) வந்தால், எழுதிய இடமா, ஒரு ஸ்தாயி கீழா என்று மற்ற மூன்று குரல்களோடு ஒத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சப்பணமிட்டு வாசிப்பவரை நாற்காலிக்கு மாற்ற வேண்டாம். கணுக்காலில் ஊன்றிய வயலின்தான் இடது கையைத் தாராளமாக ஓடவிடுகிறது. அவர்களுக்குக் கட்டில் உயரத்தில் மேடை போட்டால் நாற்காலியில் இருக்கும் செல்லோக்காரரோடு கண் பார்க்கலாம். பக்கவாத்தியத்தில் வில்லை அவரவர் இஷ்டத்துக்கு மாற்றலாம், இங்கே இரண்டு வயலினும் சேர்ந்து வரும் இடத்தில் மேல்வில், கீழ்வில் ஒன்றாக இருக்க வேண்டும். உருப்படியின் மூன்று பகுதிக்கும் (மூவ்மென்ட்) வில்குறி போட்டு முடித்த பிறகே நால்வரும் சேர்ந்து உட்காருங்கள்.