புறநகரில் வாடகை வீடு: குடும்பத்தோடு குடிபோகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் வேலை, புறநகரில் வீடு என்று முடிவு செய்யும் குடும்பங்களில் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார். அலுவலகம் எவ்வளவு தூரம், வாடகை எவ்வளவு என்று பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து அறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அன்றைக்கே அட்வான்ஸில் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டுப் போகிறார். காலை ஏழு மணிக்குக் கிளம்பி இரவு எட்டரைக்குத் திரும்பும் அவர், அந்த ஊரைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதே விடுமுறை நாளில்தான். பகல் முழுவதும் அங்கே இருக்கப்போகிறவர்கள் குழந்தைகளும், வயதான பெற்றோரும், அவர்களைக் கவனித்துக்கொண்டு வீட்டோடு இருப்பவரும். வீடு தேடும்போது நேரும் தவறுகளில் பெரும்பாலானவை, அவர்களுடைய பகலை யாரும் முன்கூட்டி நடந்து பார்க்காததால் வருகின்றன. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரையிலான தெற்குப் புறநகரில் பல ஆண்டுகள் வாடகைக்கு இருந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பது முதல் தவறு. சென்னை கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் சுமார் 30 கி.மீ., செங்கல்பட்டு சுமார் 60 கி.மீ. தாம்பரம் வரை மின்சார ரயில்கள் அடிக்கடி ஓடுகின்றன. பல வண்டிகள் அங்கேயே புறப்படுவதால், சற்று முன்னதாகப் போனால் உட்காரவும் இடம் கிடைக்கும். தாம்பரத்தைத் தாண்டியதும் வண்டிகளின் எண்ணிக்கை சட்டென்று குறைந்துவிடுகிறது. ஊரப்பாக்கத்திலோ கூடுவாஞ்சேரியிலோ ஒரு வண்டியைத் தவறவிட்டவருக்கு அடுத்த வண்டிக்காகக் காத்திருப்பதிலேயே கணிசமான நேரம் போய்விடும். வீட்டு வாசலிலிருந்து நிலையம், வண்டியை நிறுத்திப் பூட்டும் நேரம், மேம்பாலம் ஏறி நடைமேடையில் இறங்கும் நேரம், காத்திருப்பு, ரயில் பயணம், இறங்கிய இடத்திலிருந்து அலுவலகம் என்று எல்லாவற்றையும் கூட்டினால்தான் உண்மையான தூரம் தெரியும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு திங்கட்கிழமை காலையிலாவது அந்த வழியில் அலுவலகம் போய், மாலையில் அதே வழியில் திரும்பிப் பாருங்கள். பராமரிப்புப் பணிக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் சில ரயில்கள் ரத்தாவது இந்தத் தடத்தில் வழக்கம் என்பதால், ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறவர்கள் மாற்று வழி ஒன்றையும் யோசித்து வைத்துக்கொள்வது நல்லது.

வேலை பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் என்றால் கணக்கு முற்றிலும் வேறு. சிறுசேரிக்கும் சோழிங்கநல்லூருக்கும் போகிறவருக்குத் தாம்பரம் ரயில் எந்த உதவியும் செய்யாது. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையோ மேடவாக்கம் வழியோதான் அவருடைய தினசரிப் பாதை. அங்கே பலரும் செய்யும் தவறு, வரப்போகும் மெட்ரோவுக்கு இன்றைக்கே வாடகை கொடுப்பது. மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ. நீளமுள்ளது, மாதவரத்திலிருந்து சிறுசேரி வரை செல்லும் தடம் அதில் ஒன்று. சொந்த வீடு வாங்குகிறவர் அதை எண்ணிப் பார்ப்பதில் நியாயம் உண்டு. பதினோரு மாத ஒப்பந்தத்தில் குடிபோகிறவர், இன்று ஓடும் பேருந்தையும் ரயிலையும் நம்பித்தான் வீடு பார்க்க வேண்டும். நிலையம் திறக்கும்போது வாடகையும் ஏறும் என்பதால், அதன் பலனை அனுபவிக்கப்போகிறவர் இன்றைய குடித்தனக்காரராக இல்லாமலும் போகலாம்.

தண்டவாளத்தின் எந்தப் பக்கம் வீடு என்பதைப் பலர் கேட்பதே இல்லை. தெற்குப் புறநகர் முழுவதையும் ரயில் பாதையும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையும் நெடுக இரண்டாகப் பிளந்துகொண்டு போகின்றன. வீடு மேற்கிலும் பள்ளி கிழக்கிலும் இருந்தால், வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் என்று காட்டும் தூரத்துக்குப் பள்ளி வேன் மேம்பாலத்தையோ சுரங்கப்பாதையையோ தேடிச் சுற்றிக்கொண்டு போகும். மழை நாளில் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் அந்தச் சுற்று இன்னும் நீளும். வீடு, பள்ளி, அவசரத்துக்குப் போகும் மருத்துவமனை ஆகிய மூன்றும் ஒரே பக்கம் அமைவது, அலுவலகம் ஐந்து கிலோமீட்டர் பக்கத்தில் இருப்பதைவிடக் குடும்பத்துக்குப் பெரிய வசதி என்பது என் கருத்து.

எல்லாவற்றையும்விட விலை உயர்ந்த தவறு தண்ணீர் விஷயத்தில் நடக்கிறது. எங்களுக்கே நடந்தது. 2019 மே மாதத்தில் முடிச்சூர்ப் பக்கம் ஒரு தரைத்தள வீட்டைப் பார்த்தோம். நகருக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டுகொண்டிருந்த கோடை அது. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரும் நிலைமை வந்தது. அந்த வறட்சியில் வீட்டுக்காரரிடம் நாங்கள் கேட்ட ஒரே கேள்வி, போர்வெல்லில் (ஆழ்துளைக் கிணற்றில்) தண்ணீர் இருக்கிறதா என்பதுதான். "எங்க போர் வத்தினதே கிடையாது சார்" என்றார் அவர். அவர் பொய் சொல்லவில்லை. கோடையிலும் வற்றாத கிணறு எந்த மாதிரியான நிலத்தில் இருக்கும் என்று நாங்கள்தான் யோசிக்கவில்லை. அந்தப் பகுதி, சுற்றியுள்ள ஏரிகளின் உபரி நீர் அடையாற்றைத் தேடி ஓடும் தாழ்வான நிலம். 2021 நவம்பர் மழையில் ஒரே இரவில் வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறியது. குழந்தையின் பள்ளிப் புத்தகங்களை மட்டும் பரண்மேல் போட்டுவிட்டு, அம்மாவை மாடி வீட்டுக்காரர்களிடம் விட்டோம்.

அடையாளங்கள் அந்த வீட்டிலேயே இருந்தன. எங்களுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. கூடத்தில் பிளக் பாயின்ட்டுகள் எல்லாம் நெஞ்சு உயரத்தில் இருந்தன. குழந்தைகள் கை வைக்காமலிருக்க என்று நினைத்துக்கொண்டோம். அவற்றுக்கு நேர் கீழே, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், பழைய பெட்டிகளை மூடிப் பூசிய சதுரங்கள் சுண்ணாம்புக்கு அடியில் மங்கலாகத் தெரிந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு மின் இணைப்பை மேலே ஏற்றியிருக்கிறார்கள். சுவர் அலமாரிக் கதவுகளின் அடிப்பகுதி ஊறி உப்பியிருந்தது. இரும்பு கேட்டில் குறிப்பிட்ட ஓர் உயரம் வரை மட்டும் துரு. சாலை போடும்போதெல்லாம் பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டு வந்ததால், தெருவிலிருந்து வாசலுக்கு இரண்டு படி கீழே இறங்க வேண்டியிருந்தது. இவற்றில் ஏதாவது இரண்டு ஒரு வீட்டில் தென்பட்டால், தரைத்தளத்தை வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

ஊர்ப் பெயரையும் கவனியுங்கள். ஏரி, தாங்கல், மடு என்று முடியும் பெயர்களும், ஏரிக்கரைத் தெரு, கலங்கல் (ஏரியின் உபரி நீர் வெளியேறும் இடம்) தெரு போன்ற பெயர்களும் அந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது என்பதைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதைச் சுற்றி எழுந்த குடியிருப்புகளில் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. அப்படிப்பட்ட இடத்தில் அடுக்குமாடியின் நான்காவது தளத்தில் வீடு எடுத்தாலும் நிம்மதி முழுமையாகக் கிடைக்காது. வீட்டுக்குள் தண்ணீர் வராது என்பது உண்மை. கீழ்த்தளத்து மின்பெட்டியும் மோட்டாரும் சம்ப்பும் மூழ்கினால் லிஃப்ட் நின்றுவிடும், குழாயில் தண்ணீர் வராது, பால்கூட வாங்கக் கீழே இறங்க முடியாது. கைக்குழந்தையோ சர்க்கரை நோயுள்ள பெரியவரோ இருக்கும் வீட்டில் அந்த நாள்கள் மிக நீளமானவை.

நிலத்தடி நீர் இருக்கிறதா என்பதோடு, அது எப்படி இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் மலிவாகவே கிடைக்கிறது. இல்லாவிட்டால் குளியலறைக் குழாயின் வாயில் படிந்திருக்கும் வெள்ளைப் படிவமே போதிய சாட்சி. பல புறநகர்ப் பகுதிகளுக்குப் பாதாளச் சாக்கடை இன்னும் வந்து சேரவில்லை. செப்டிக் டேங்க் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை நிரம்புகிறது, லாரிக்கு யார் பணம் கொடுப்பது, கோடையில் டேங்கர் தண்ணீர் வாங்கினால் அந்தச் செலவை எப்படிப் பிரிப்பது என்பவற்றை வாடகை பேசும் அன்றே கேட்டுவிட வேண்டும். சென்னைக்குள் பழகிய குடும்பங்கள் இவற்றைக் கேட்க வேண்டும் என்பதே தெரியாமல் வந்து, மாதம் மூவாயிரம் ரூபாய் வாடகை மிச்சம் என்று போட்ட கணக்கை இங்கே இழக்கின்றன.

மின்சாரத்துக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை. பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் ஏறுகிறது. ஒரே மீட்டரில் இரண்டு குடித்தனங்கள் ஓடினால் இருவரும் யூனிட் விலை அதிகமான படிநிலைக்குத் தள்ளப்படுவார்கள். தனி மீட்டர் இருக்கிறதா என்று படிக்கட்டின் கீழ் இருக்கும் பெட்டியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

பள்ளி விஷயத்தில் அவசரம் வேறு விதமாக வருகிறது. வீட்டை முடிவு செய்துவிட்டுப் பள்ளியைத் தேடுகிறோம். தேடும்போது சேர்க்கை முடிந்திருக்கும். பள்ளியில் இடம் உறுதியான பிறகு அதைச் சுற்றி வீடு பார்ப்பதே சரியான வரிசை. கல்வி உரிமைச் சட்டத்தின்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்கள் நலிவுற்ற பிரிவுகளின் குழந்தைகளுக்கு உண்டு. தமிழ்நாட்டில் அதற்கு வீடு பள்ளியிலிருந்து 1 கி.மீ. சுற்றளவுக்குள் இருப்பது முக்கியம். அந்த வழியில் விண்ணப்பிக்க எண்ணுகிறவர்களுக்கு, தெரு ஒன்று தள்ளி வீடு எடுப்பதுகூட வாய்ப்பை மாற்றிவிடும். முகவரிச் சான்றுக்கு எழுத்து மூலமான வாடகை ஒப்பந்தமும் தேவைப்படும்.

பகலில் வீட்டிலிருப்பவர் எதில் ஏறி எங்கே போவார் என்பதையும் பாருங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்தப் பேருந்து உங்கள் தெரு முனைக்குப் பகல் பதினோரு மணிக்கும் வருகிறதா என்பதே கேள்வி. பேருந்து இல்லாத நகரில் அம்மா கண் பரிசோதனைக்குப் போகவும் மகனின் விடுமுறைக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும். குரோம்பேட்டை அரசு மருத்துவமனைக்கும் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் நடுவில் குடியிருப்பவர்கள், இரவு இரண்டு மணிக்கு மருத்துவர் இருக்கும் இடம் எது என்று குடிபோகும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். தெற்கு மாவட்டங்களில் ஊர் உள்ளவர்களுக்கு, 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையம் பெரிய அனுகூலம். ஆனால் பொங்கலும் தீபாவளியும் முடிந்து எல்லோரும் ஊர் திரும்பும் இரவுகளில் பெருங்களத்தூர்ச் சாலை எப்படி நிரம்பும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

ஒப்பந்தத்தை வெறும் சடங்காக நினைப்பது இன்னொரு தவறு. வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாக வேண்டும் என்பது அதன் அடிப்படை. முன்வைப்புத் தொகைக்கு, அதாவது அட்வான்ஸுக்கு, மூன்று மாத வாடகை என்ற அளவையும் அது குறிப்பிடுகிறது. நடைமுறையில் அதைவிட அதிகம் கேட்பவர்கள் இருக்கிறார்கள்; சட்டத்தில் இருப்பதைத் தெரிந்துகொண்டு பேசும்போது தொகை ஓரளவு குறையும் என்பதை நானே கண்டிருக்கிறேன். காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, வெள்ளை அடிக்கும் செலவு யாருடையது, மோட்டார் கெட்டால் யார் பார்ப்பது என்பவை எழுத்தில் இல்லையென்றால், அட்வான்ஸில் பிடித்தம் செய்யும் நாளில் எதையும் நிரூபிக்க முடியாது.

அந்த முடிச்சூர் வீட்டைக் காலி செய்த பிறகு, அடுத்த வீட்டை வேண்டுமென்றே நவம்பரில், மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் பார்க்கப் போனோம். புரோக்கரிடம் எதுவும் கேட்கவில்லை. தெரு முனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்த பெரியவரிடம் கேட்டோம். பதினெட்டு வருடமாக அங்கேயே நிற்பதாகச் சொன்ன அவர், எதிரே இருந்த மளிகைக் கடையின் இரண்டாவது படியைக் கையால் காட்டினார். "எவ்வளவு மழை பெஞ்சாலும் இந்தப் படிக்கு மேல ஏறினது இல்லம்மா, மறுநாளே வடிஞ்சிடும்" என்றார். அந்தப் படியிலிருந்து நாங்கள் பார்க்கப்போன வீட்டு வாசல் வரை அம்மா குடையோடு மெதுவாக நடந்து பார்த்தார். நான்கு நிமிடம் ஆனது. முதல் மாடியைப் பேசி முடித்தோம்.