ஐந்து என்று எண்ணியது யார்? ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) டெக்னீஷியன் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகம் வளர்ப்பது, மாஸ்க்கை மூக்குக்குக் கீழே இறக்கிவிடுவது, தியேட்டருக்குள் செல்போனை எடுப்பது எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே தியேட்டர் சிஸ்டர் திட்டித் திருத்திவிடுவார். அவை இங்கே வேண்டாம். யார் கண்ணிலும் படாமல் மூன்று ஆண்டுப் படிப்பையும் கடந்து, நான்காம் ஆண்டு இன்டர்ன்ஷிப்பிலும் கூடவே வரும் தவறுகள் சில உண்டு. ஒவ்வொரு புது பேட்ச்சும் அவற்றை அப்படியே திரும்பச் செய்கிறது.

கட்டை நம்பி எண்ணுவது

மாப் என்பது ஆபரேஷனில் ரத்தத்தை ஒற்றி எடுக்கும் துணி. பொதுவாக ஐந்தைந்தாகக் கட்டி வரும். பயிற்சிக்கு வந்தவர் டிராலியில் நான்கு கட்டு வைத்து, போர்டில் 20 என்று எழுதிவிடுவார். கட்டை அவிழ்க்கவே இல்லை. கேட்டால், "அஞ்சுதான் சார் இருக்கும்" என்பார். இந்தப் பதிலைக் கேட்கும்போது இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

கட்டியது மனிதக் கை. ஒரு கட்டில் நான்கு இருக்கலாம், ஆறும் இருக்கலாம். நான்கு இருந்தால் கடைசியில் ஒன்று குறையும், எல்லோரும் தேடி அலைவார்கள், நேரம் போகும், நோயாளிக்குப் பெரிய கெடுதல் இல்லை. ஆறு இருந்தால்தான் வினை. போர்டில் 20, டிராலியில் உண்மையில் 21. முடிவில் 20 திரும்பி வரும். "கவுன்ட் கரெக்ட்" என்று சொல்லி வயிற்றைத் தைப்பார்கள். இருபத்தொன்றாவது உள்ளே இருக்கும். கடைசி எண்ணிக்கையை எவ்வளவு கவனமாகச் செய்தாலும் இதைப் பிடிக்க முடியாது, ஏனென்றால் தவறு முதல் எண்ணிக்கையில் நடந்துவிட்டது.

உள்ளே தங்கிய மாப் சீழ் கட்டும். சில சமயம் குடலை அரித்து ஓட்டை போடும். சத்தமே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இருந்து, ஸ்கேனில் கட்டி போலத் தெரிந்து, புற்றுநோயோ என்று பயமுறுத்தியதும் உண்டு.

எண்ணும் முறை இதுதான். கட்டை அவிழ்த்து ஒவ்வொரு மாப்பையும் தனியாகப் பிரிக்க வேண்டும். ஸ்க்ரப் ஆனவர் (கை கழுவி, கிருமி நீக்கிய கவுனும் கையுறையும் போட்டவர்) வாய்விட்டு எண்ண, வெளியே நிற்பவர் (ஸ்க்ரப் ஆகாமல் தியேட்டருக்குள் உதவுபவர்) கண்ணால் பார்த்துக்கொண்டே கூட எண்ண வேண்டும். ஒருவர் எண்ணி மற்றவர் எழுதினால் அது எண்ணிக்கை ஆகாது. எக்ஸ்ரேயில் தெரியும் நூல் ஒவ்வொன்றிலும் இருக்கிறதா, மூலையில் டேப் (நாடா) உறுதியாகத் தைத்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். எண்ணிக்கை தவறிய கட்டில் ஒன்றைச் சேர்த்தோ எடுத்தோ சரிக்கட்டக் கூடாது. முழுக் கட்டையும் டிராலியிலிருந்து விலக்கி, தனிப் பையில் போட்டுக் குறித்து வையுங்கள்.

நடுவில் ரத்தம் பீறிடும். சர்ஜன் "மாப், மாப்" என்று கத்துவார். வெளியிலிருந்து இரண்டு கட்டு அவசரமாக டிராலிக்கு வரும். "அப்புறம் எழுதிக்கலாம்" என்று விட்டால் முடிந்தது கதை. ஸ்க்ரப் ஆனவருக்கு அந்த நேரத்தில் எண்ணக் கை இல்லையென்றால், ஒரு கட்டை மட்டும் எண்ணிக் கொடுத்துவிட்டு மற்றதை டிராலியின் ஓரத்தில் அவிழ்க்காமல் வைக்கட்டும். வயிற்றுக்குள் அடைத்து வைத்த மாப் எத்தனை என்பது போர்டில் தனிக் கட்டத்தில் ஏற வேண்டும். அதன் டேப் வெளியே தொங்க, நுனியில் ஓர் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் (ரத்தக் குழாயைப் பிடிக்கும் இடுக்கி) மாட்டியிருக்க வேண்டும்.

எத்தனை முறை? கத்தி வைக்கும் முன், சிசேரியன் என்றால் கர்ப்பப்பையை மூடும் முன், வயிற்றை மூடும் முன், தோலைத் தைக்கும்போது. இடையில் ஆள் மாறினால் அப்போதும் ஒருமுறை. நோயாளியின் உடல், மேயோ டிராலி (நோயாளிக்குப் பக்கத்தில் நிற்கும் சிறிய கருவித் தட்டு), பெரிய டிராலி, பக்கெட் என்ற வரிசை ஒரு நாளும் மாறக் கூடாது. பயன்படுத்திய மாப்பை உருண்டையாக எண்ணாதீர்கள். ரத்தத்தில் ஊறிய இரண்டு ஒட்டிக்கொண்டால் ஒன்றாகத்தான் தெரியும். பெரிய மாப்பின் மடிப்புக்குள் சின்ன காஸ் (மெல்லிய வலைத் துணி) சுருண்டு கிடக்கும். விரித்து, ஐந்தைந்தாகப் பரப்பி எண்ணுங்கள். கணக்கு முடியும் வரை பக்கெட்டோ அழுக்குத் துணியோ தியேட்டரை விட்டு வெளியே போகக் கூடாது. மாப்பை வெட்டிப் பயன்படுத்தவும் கூடாது.

ஒன்று குறைந்தால் வாயைத் திறங்கள். புதியவர்கள் இங்கேதான் ஊமையாகிவிடுகிறார்கள். "சார், ஒரு மாப் குறையுது, மூடாதீங்க" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். "எங்கேயாவது கிடக்கும், பாரு" என்று பதில் வந்தால் மறுபடி சொல்லுங்கள், மயக்க மருந்து டாக்டர் காதிலும் போடுங்கள். காயத்துக்குள், டிரேப் (நோயாளி மேல் போர்த்தும் துணி) மடிப்பில், டேபிளுக்கு அடியில், காலணிக்கு அடியில்கூடத் தேடுங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் டேபிளிலேயே எக்ஸ்ரே. முதலிலேயே நூல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். நூலில்லாத துணி படத்தில் விழாது.

ஆட்டோகிளேவ் டேப்பைப் பார்த்துத் திருப்தி அடைவது

ஆட்டோகிளேவ் என்பது நீராவியால் கிருமி நீக்கும் இயந்திரம். பேக்கின் மேல் ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடு வந்தால் பேக் சூட்டுக்குள் போய் வந்தது என்று மட்டுமே பொருள். உள்ளே நீராவி எட்டியதா என்பதைப் பேக்கின் நடுவில் வைத்த இண்டிகேட்டர் ஸ்ட்ரிப்தான் சொல்லும். டிரம்மை (துணி, கருவி வைக்கும் உலோக டப்பா) திணித்து நிரப்பினாலோ, பக்கவாட்டுத் துளைகளைத் திறக்க மறந்தாலோ நடுவில் இருப்பது வேகாது. வெளியே எடுத்ததும் அதே துளைகளை மூட மறப்பவர்களும் உண்டு. ஈரமாக வந்த பேக்கைக் காயவைத்துப் பயன்படுத்த முடியாது. திருப்பி அனுப்புங்கள்.

கருவியின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்வது

எப்போது கேட்பார்கள் என்று தெரியாதவருக்குப் பெயர் தெரிந்து பயனில்லை.

ஸ்பிரிட் காயும் முன் டயதெர்மி

டயதெர்மி என்பது மின்சாரத்தால் திசுவை வெட்டி, ரத்தத்தை நிறுத்தும் கருவி. ஸ்பிரிட் கலந்த மருந்தைத் தோலில் தடவினால் குறைந்தது 3 நிமிடம் காய விட வேண்டும். முடி அடர்ந்த இடத்தில் இன்னும் அதிக நேரம் ஆகும். இடுப்புக்கு அடியில் வழிந்து தேங்கியதைத் துடைக்காமல் டிரேப் போட்டால், உள்ளே ஆவி நிற்கும், ஒரு பொறி போதும். அந்த நீலத் தீ பளிச்சென்ற வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. டயதெர்மி பிளேட்டை (மின்சாரம் திரும்பிப் போகும் தகடு) சதைப்பிடிப்புள்ள தொடையில் ஒட்டுங்கள். எலும்பு துருத்திய இடத்திலும், உள்ளே உலோகம் வைத்த இடத்திலும் வேண்டாம்.

மயக்க மருந்து மெஷினை டாக்டர் தலையில் கட்டுவது

ஸ்க்ரப் ஆவதில் இருக்கும் ஆசை மெஷின் பக்கம் வருவதில்லை. காலையில் முதல் கேஸுக்கு முன் வாயு ஓட்டத்தைக் குறைத்து, ஏ.பி.எல். வால்வை (அதிக அழுத்தத்தை வெளியே விடும் வால்வு) மூடி, ஒய்-பீஸின் (நோயாளிக்குப் போகும் இரு குழாய்கள் சேரும் துண்டு) வாயைக் கையால் அடைத்து, ஆக்சிஜன் ஃப்ளஷ்ஷால் 30 செ.மீ. நீர் அழுத்தம் வரை ஏற்றுங்கள். 10 விநாடி முள் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோடாலைம் (கரியமில வாயுவை உறிஞ்சும் பொருள்) டப்பாவை முதலில் பாருங்கள், மாற்றியவர் சரியாக உட்காரவைத்திருக்க மாட்டார். சக்‌ஷன் இழுக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஸ்பெசிமன் லேபிளை மூடியில் ஒட்டுவது

ஸ்பெசிமன் என்பது நோயாளியிடமிருந்து எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது. மூடி மாறும். டப்பாவில் ஒட்டுங்கள்.

கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு) போக வேண்டியதை ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், எதுவும் வளராது. போடும் முன் சர்ஜனிடம் கேளுங்கள்.