அழிந்துபோன தென்கண்ட முதலைகளுக்கு உறவுமுறைப் படம் வரைவது எப்படி?

எது எதற்கு நெருங்கிய உறவு என்று கிளை கிளையாகக் காட்டுவதுதான் உறவுமுறைப் படம். கோத்தகிரியில் எங்கள் பள்ளிப் பிள்ளைகளோடு நான் வரைகிற முறை இது. ஒரு சார்ட், பென்சில், ரப்பர் போதும். பேனாவை எடுக்கவே வேண்டாம், கிளைகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

முதலில் விலங்குகளைத் தேர்ந்தெடுங்கள். அர்ஜென்டினாவின் நோட்டோசூகஸ் (1896இல் பெயர் வைத்தார்கள்), பிரேசிலின் பவுருசூகஸ், பிரேசில் முதல் மடகாஸ்கர் வரை கிடைத்திருக்கிற அராரிபேசூகஸ், மடகாஸ்கரின் சிமோசூகஸ். நான்கும் நோட்டோசூகியா என்ற கூட்டம். டைனோசர் யுகத்தின் கடைசிப் பகுதியான கிரெட்டேசியஸ் காலத்தில் தரையில் நடமாடியவை. இவற்றோடு நம் மோயாற்று முதலையையும், அமெரிக்காவின் அரிசோனாவில் கிடைத்த புரோட்டோசூகஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புரோட்டோசூகஸ் அதற்கு வெகு முன்பான ஜுராசிக் காலத்தின் தொடக்கத்தைச் சேர்ந்தது. எந்த அமைப்பு பழையது, எது பிறகு வந்தது என்று தெரிய இப்படி ஒரு வெளியாள் கட்டாயம் வேண்டும்.

அப்புறம் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் பெயர்கள், மேலே உடற்கூறுகள். பழைய அமைப்புக்கு 0, புதியதற்கு 1, எலும்பு கிடைக்காவிட்டால் கேள்விக்குறி. ஊகித்து நிரப்பக் கூடாது.

எந்த உடற்கூறை எடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதுகில் எலும்புத் தகடு என்று பிள்ளைகள் முதலில் எழுதுவார்கள். அது புரோட்டோசூகஸுக்கும் உண்டு, ஆகவே யாரையும் யாரோடும் சேர்க்காது. வாய்க்குள் மேலண்ணத்தைப் பாருங்கள். மோயாற்று முதலையிலும் நோட்டோசூகியாக்களிலும் அண்ண எலும்புகள் நடுவில் சேர்ந்து மூச்சுக் குழலுக்குத் தளம் போடுகின்றன. புரோட்டோசூகஸில் அப்படி இல்லை. இதுதான் வேண்டிய கூறு. இந்த ஒரு கூறை வைத்தே மற்ற ஐந்தையும் ஒரே கிளையில் கட்டிவிடலாம். அடுத்து, மேல்தாடையின் பக்க எலும்பில் பல்லை எண்ணுங்கள். மோயாற்று முதலைக்குப் பதின்மூன்றுக்குக் குறையாது, பவுருசூகஸுக்கு வெறும் ஐந்து, நோட்டோசூகஸுக்கும் பத்துக்குள்தான். அராரிபேசூகஸ் இதில் பழையபடி நிறையப் பல்லோடு நிற்கிறது. அதன் கிளையை முன்னாலேயே பிரித்துவிடலாம்.

தோற்றத்தை மட்டும் நம்பாதீர்கள். நீலகிரி வரையாட்டை இமாலய வரையாட்டோடு ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005இல் வந்த மரபணு ஆய்வு அதைச் செம்மறிக்கு நெருக்கமாக வைத்தது. முதலை வம்சத்திலும் தழை தின்பதற்கேற்ற பல் தனித்தனியாகப் பலமுறை தோன்றியிருக்கிறது. சிமோசூகஸின் மொட்டை முகத்தையும் கிராம்பு போன்ற பல்லையும் பார்த்தால் உறுதியாக ஓரிடத்தில் சேர்த்துவிட ஆசை வரும், ஆனால் ஆய்வுக்கு ஆய்வு அதன் இடம் மாறியிருக்கிறது. புள்ளிக்கோட்டில் வரையுங்கள். டைனோசர்கள் அழிந்த பிறகும் தென் அமெரிக்காவில் வாழ்ந்த செபேகஸுக்கும் அப்படித்தான். உயர்ந்த மூக்கையும் ரம்பப் பல்லையும் வைத்துச் சிலர் பவுருசூகஸோடு சேர்க்கிறார்கள், சிலர் பெய்ரோசாரஸ் என்ற இன்னொரு பழைய முதலையின் குடும்பத்தோடு சேர்க்கிறார்கள். ஒரு பக்கம் சாயாமல், மூன்று கிளையும் ஒரே புள்ளியில் பிரிகிற முக்கவராக விடுங்கள். அப்படி விடுவது எனக்கு மிகவும் பிடிக்கும், பிள்ளைகள் அங்கேதான் வாதாடுவார்கள்.

கடைசியாக, எந்த ஊரில் கிடைத்தது என்று காட்டும் நிறம். நம் மலை பூமியின் ஆழத்தில் பெருவெப்பத்தில் உருவான சார்னோகைட் பாறை, இதில் புதைபடிவம் தேட வேண்டாம். ஆனால் அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் சிமோசூகஸை ஒத்த ஒரு பல் கிடைத்ததாக 2013இல் ஆய்வு வெளியானது. அதற்கும் ஒரு வரிசை சேர்த்து, அதில் பல் சம்பந்தப்பட்ட கட்டத்தை மட்டும் நிரப்பி, மற்றதிலெல்லாம் கேள்விக்குறி போட்டு, சிமோசூகஸ் பக்கத்தில் புள்ளிக்கோட்டால் இணையுங்கள். ஒரு காலத்தில் ஒட்டியிருந்த நிலங்கள் என்பதால் மடகாஸ்கருக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரே நிறம் தீட்டலாம்.